வாய் நிறையத் தண்ணீர்

எனக்குக் கோபம் வரும் என்று சொன்னால் அது பாதி உண்மைதான். வருவதற்கு அது முதலில் எங்கேயாவது போயிருக்க வேண்டுமே! கல்யாணமான புதிதில் என் கணவர் ஆபீஸிலிருந்து திரும்பியதும் செருப்பைக் கழற்றாமல் வாசலில் நின்று, சமையலறையில் பாத்திரம் வைக்கிற சத்தத்தைக் கேட்பார். மெதுவாகக் கேட்டால் உள்ளே வருவார். கொஞ்சம் ஓங்கிக் கேட்டால், "தயிர் இருக்கா, வாங்கிட்டு வரட்டுமா?" என்று வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்பிப் போய்விடுவார். குரோம்பேட்டையில் அந்தக் காலத்தில் எங்கள் வீட்டு அளவுக்குத் தயிர் வாங்கிய குடும்பம் வேறு இருந்திருக்காது.

பஸ்ஸிலும் அப்படித்தான். ஜி.எஸ்.டி. ரோடில் என்னோடு சண்டை போட்டு ஜெயித்த கண்டக்டர் யாரும் கிடையாது. ஜெயித்துவிட்டதாக நினைத்துக்கொண்டவர்கள் உண்டு. நான் இறங்க வேண்டிய ஸ்டாப் வந்துவிட்டதால் அப்படி நினைத்திருப்பார்கள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் நான் மேற்குத் தாம்பரத்தில் ஒரு நடுநிலைப்பள்ளியில் சயின்ஸ் டீச்சர். பிள்ளைகள் எனக்கு வைத்திருந்த பெயர் 'குக்கர்'. எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். நான் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினால் ஒரு விசில். சாக்பீஸை மேஜைமேல் வைத்தால் இரண்டாவது விசில். அதற்குள் ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருக்கிறவர்கள் எல்லாரும் குனிந்துகொள்வார்கள். டஸ்டர் எப்போதும் அந்தப் பக்கமாகத்தான் பறக்கும்.

இப்படிப்பட்ட என்னைத்தான் எட்டாம் வகுப்புக்குக் கோபத்தை அடக்கக் கற்றுக்கொடுக்கச் சொன்னார்கள். சிரிக்காதீர்கள். என் வீட்டில் இன்றைக்கும் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

நடந்தது இதுதான். எட்டாம் வகுப்பில் ஒரு பெண். ஒல்லியாக, உயரமாக, எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய இரட்டைச் சடையோடு இருப்பாள். வீடு திருநீர்மலைக்குப் போகிற வழியில். அவள் அம்மா எருமை வைத்துப் பால் ஊற்றிக்கொண்டிருந்தார். காலையில் வீடு வீடாகப் போய்ப் பால் ஊற்றிவிட்டு அப்படியே பள்ளிக்கு ஓடி வருவாள் இவள். அதே வகுப்பில் பின் பெஞ்சில் ஒரு பையன். அவனுக்கு ஒரே ஒரு திறமை உண்டு. எருமை மாதிரியே கத்துவான். உதடு அசையாது, முகம் மாறாது, "ம்ம்மே" என்று சத்தம் மட்டும் எங்கிருந்தோ வரும். அவள் உள்ளே நுழைந்ததும் அந்தச் சத்தம் வரும். எழுந்து பதில் சொன்னால் வரும். ஒருநாள் மத்தியானம் அவள் சாப்பிடும்போது வந்தது. அவள் எழுந்து போய் எவர்சில்வர் டிபன் பாக்ஸால் அவன் தாடையில் ஒன்று வைத்தாள். தையல் போட வேண்டியதாகிவிட்டது.

பையனின் அப்பா வந்து குதித்தார். மறுநாள் அவள் அம்மாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நாங்கள் பெரிய டீச்சர் என்று கூப்பிடும் எங்கள் தலைமையாசிரியை சத்தமே போடத் தெரியாதவர். மாணவனைத் திட்டுவதானாலும் நலம் விசாரிப்பது போல இருக்கும். அவரே அன்றைக்குத் தீர்மானமாகச் சொன்னார்: "இன்னொரு தடவை இந்தப் பொண்ணு கை நீட்டினா டி.சி.தாம்மா. எனக்கு வேற வழியில்லை."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "அத்த மட்டும் பண்ணிடாதீங்க டீச்சர். அதுங்க நைனா எப்படா சாக்கு கெடைக்கும்னு காத்துகினு கீறாரு. ஏழு படிச்சது போதாதான்னு தெனிக்கும் பேஜாரு. நீங்க டிசி குடுத்தீங்கன்னா மறுநாளே அவரு தங்கச்சிகூட துணி கம்பெனிக்கு அனுப்பிடுவாரு, நூலு வெட்றதுக்கு. எங்க வூட்ல இது ஒன்னுதான் இம்மாந்தூரம் வந்துக்கீது."

பெண் சுவரோடு சாய்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அழவில்லை. அவள் காலிலிருந்த செருப்பு ஒன்றுக்கொன்று ஜோடி இல்லை.

அன்று சாயங்காலம் ஆசிரியர் அறையில் பெரிய டீச்சர் சொன்னார். வெள்ளிக்கிழமை நீதிபோதனை வகுப்பை இனிமேல் எட்டாம் வகுப்புக்குக் கோபத்தை அடக்கும் வகுப்பாக நடத்தலாம். அந்தப் பெண்ணை முழுப் பரீட்சை வரைக்கும் அடிதடி இல்லாமல் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டால் போதும். யார் எடுக்கிறீர்கள் என்று ஒருவரையும் கேட்கவில்லை. நேரே என்னைப் பார்த்தார்.

"நீங்களே எடுங்க டீச்சர். உங்களுக்குத்தான் இதுல அனுபவம் அதிகம்."

தமிழ் டீச்சருக்கு மோர் புரை ஏறிவிட்டது. பெரிய டீச்சர் முகத்தில் சிரிப்பின் சாயல்கூட இல்லை. கிண்டல் செய்தாரா, நிஜமாகத்தான் சொன்னாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது.

முதல் வகுப்புக்கு நான் நன்றாகத் தயார் செய்துகொண்டு போனேன். முகத்தைச் சாந்தமாக வைத்துக்கொள்ளக் கண்ணாடி முன்னால் பழகியும் பார்த்தேன். வயிற்றுவலிக்காரி மாதிரி இருந்தது. இருந்தாலும் அதே முகத்தோடு போய், "கோபம் வந்தா கண்ணை மூடிட்டு உங்களுக்குப் பிடிச்ச சாமியை நினைச்சுக்கணும்" என்றேன். வேளாங்கண்ணி மாதா என்றாள் ஒருத்தி. திருநீர்மலைப் பெருமாள் என்றான் ஒருவன். அந்தக் கோயிலில் பெருமாளுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கோலம் உண்டு.

அவன் பக்கத்தில் இருந்தவன் எழுந்தான். "டீச்சர், அங்க எந்தப் பெருமாள நெனைக்கறது? நின்னுகினு கீறவரா, குந்திகினு கீறவரா, படுத்துகினு கீறவரா?"

"யாரையாவது நினைடா."

"நடந்துகினு கீறவரு ஒருத்தரு கீறாரு டீச்சர். அவர வுட்டுட்டீங்களே?"

மூக்குக்கண்ணாடியைக் கழற்றியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. டஸ்டர் எப்போது கையை விட்டுப் போனது என்பது ஞாபகம் இல்லை. கோபத்தை அடக்கும் முதல் வகுப்பு ஜன்னல் கண்ணாடி ஒன்று உடைந்ததோடு நிறைவு பெற்றது.

வழி கிடைத்தது என் கடைவாய்ப் பல்லால். அது சொத்தையாகி, டாக்டர் பிடுங்கிவிட்டு, வெதுவெதுப்பான உப்புத் தண்ணீரை வாயில் கொஞ்ச நேரம் வைத்திருந்து கொப்பளிக்கச் சொல்லியிருந்தார். ஒருநாள் நான் அப்படி வாய் நிறையத் தண்ணீரோடு நிற்கும்போது என் கணவர் பேப்பரை மடித்தபடி, "உங்க அண்ணன் வீட்டுக்குப் போறது இந்த வாரம் முடியாது" என்றார். எனக்குச் சுர்ரென்று ஏறியது. பதில் சொல்ல வாய் இல்லை. கையை ஆட்டினேன், காலால் தரையைத் தட்டினேன். அவர் ஏதோ பேச்சுக்குச் சொன்னது போல ஷர்ட்டை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். நான் கொப்பளித்துத் துப்பிவிட்டுத் திரும்பினால், என்ன திட்ட நினைத்தேனோ அது அப்படியே போய்விட்டிருந்தது. தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. அட, இவ்வளவுதானா என்று இருந்தது. இதைச் சொன்னபோது என் கணவர், "இந்தப் பல்லு பத்து வருஷத்துக்கு முன்னாடியே சொத்தையாகியிருக்கக் கூடாதா?" என்றார்.

அந்த வெள்ளிக்கிழமையே எட்டாம் வகுப்பின் மூலையில் ஒரு மண்பானையும் டம்ளரும் வந்தன. சட்டம் இதுதான்: கோபம் வந்தவர்கள் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம். எழுந்து போய், எச்சில் படாமல் அண்ணாந்து வாய் நிறையத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு பானைப் பக்கத்தில் நிற்க வேண்டும். கோபம் போன பிறகுதான் முழுங்க வேண்டும். கோபம் இருக்கும்போதே முழுங்கிவிட்டால் தோற்றுப்போனதாகக் கணக்கு. துப்பவே கூடாது. ஏனென்றால் அது லாரித் தண்ணீர். தெருவில் பெண்கள் குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காத்துக் கிடந்த காலம். அதைப் போய் யாராவது துப்புவார்களா?

இவ்வளவு யோசித்த நான் பிள்ளைகளைப் பற்றி யோசிக்க மறந்துவிட்டேன். திங்கட்கிழமையிலிருந்து எட்டாம் வகுப்பு முழுவதற்கும் கோபம் வர ஆரம்பித்தது. பென்சில் முனை உடைந்தால் கோபம். கணக்கு சார் கேள்வி கேட்க வாயைத் திறந்தால் பயங்கரக் கோபம். பத்துப் பேர் எழுந்து பானையைச் சுற்றி நின்றுவிடுவார்கள். வாயில் தண்ணீர் இருக்கிறவனிடம் வாய்ப்பாடு எப்படிக் கேட்பது? மத்தியானத்துக்குள் பானை காலி. அதற்கப்புறம் 'ஒண்ணுக்குப் போகணும் டீச்சர்' என்று ஒரு வரிசை. "உங்க வகுப்புப் பசங்களுக்குக் கோவம் அடங்கிடுச்சு டீச்சர், எனக்குத்தான் வந்துடுச்சு" என்றார் கணக்கு சார். மாதப் பரீட்சை மார்க் வந்த அன்று பெரிய டீச்சர் உள்ளே நுழைந்தபோது வகுப்பே எழுந்து நின்றது. ஒருத்தர் வாயிலிருந்தும் வணக்கம் வரவில்லை. எல்லாக் கன்னமும் உப்பியிருந்தன. பெரிய டீச்சர் பயந்துபோய், "என்ன டீச்சர், எல்லாருக்கும் அம்மைக்கட்டா?" என்று கேட்டார்.

ஆனால் யாருக்காக அந்தப் பானை வந்ததோ, அவள் மட்டும் அந்தப் பக்கம் போகவே இல்லை. நான் நயமாகச் சொல்லிப் பார்த்தேன். நயம் எனக்கு வராத கலை என்பதால் அதட்டியும் பார்த்தேன்.

"தண்ணி குடிச்சா அவன் கத்தறத நிறுத்திடுவானா டீச்சர்?" என்று கேட்டாள்.

"நீ அடிச்சா மட்டும் நிறுத்தினானா? இப்ப தையலோட கத்தறான். போடி, போய் ஊத்திக்கோ" என்றேன்.

பொங்கல் கழிந்து ஒருநாள் நான் போர்டில் இதயம் வரைந்துகொண்டிருக்கும்போது பின்னால் "ம்ம்மே" என்று கேட்டது. திரும்பினேன். அவள் எழுந்து நின்றிருந்தாள். கையில் டிபன் பாக்ஸ். போச்சு, நூல் வெட்டத்தான் போகப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் பாக்ஸைப் பெஞ்சின்மேல் வைத்தாள். பானையிடம் போனாள். அண்ணாந்து ஊற்றிக்கொண்டு சுவரைப் பார்த்து நின்றாள். நான் இதயத்தில் பாதியை வரைந்து முடித்தேன். மணி அடித்தது. எல்லாரும் வெளியே ஓடினார்கள். அவள் நின்றுகொண்டே இருந்தாள், கண்ணிலிருந்து தண்ணீர் வழிய. கடைசியில் தொண்டை அசைந்தது. என்னைப் பார்த்து, "போய்டுச்சி டீச்சர்" என்றாள்.

அன்று மின்சார ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்த முன்பின் தெரியாத அம்மாளிடமெல்லாம் இந்தக் கதையைச் சொன்னேன். எனக்கு அவ்வளவு பெருமை. நானே ஏதோ எருமைச் சத்தத்தைத் தாங்கிக்கொண்டது போல.

முழுப் பரீட்சைக்குக் கொஞ்சம் முன்னால் இன்ஸ்பெக்‌ஷன் வந்தது. பெரிய டீச்சருக்கு எங்கள் பானைமேல் அதற்குள் பிரியம் வந்துவிட்டிருந்தது. பானைக்குக் கீழே கோலம், கழுத்தில் கதம்பம், பக்கத்தில் புது டம்ளர். கல்யாணத்துக்கு நிற்கிற மாதிரி நின்றது. அதிகாரி வந்தார், நாற்காலியில் உட்கார்ந்தார், கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பெரிய டீச்சர் பானையின் பெருமையை விளக்கினார். அதிகாரி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"சயின்ஸ் டீச்சர்னா சயின்ஸ் எடுங்கம்மா. தண்ணி குடிக்கறதுக்கெல்லாம் ஒரு பீரியடா? உங்களுக்குக் கவர்ன்மென்ட்ல எதுக்குச் சம்பளம் தர்றாங்க?"

என் கை மூக்குக்கண்ணாடிக்குப் போனது. முதல் விசில். ஜன்னலோரப் பிள்ளைகள் குனிந்துவிட்டார்கள். அந்தப் பெண் மட்டும் குனியவில்லை. என்னைப் பார்த்தாள், பிறகு பானையைப் பார்த்தாள். வேறு வழியே இல்லை. நான் நடந்து போய் டம்ளரை எடுத்து, அதிகாரியின் எதிரிலேயே அண்ணாந்து வாய் நிறைய ஊற்றிக்கொண்டு நின்றேன். வகுப்பு மூச்சு விட்டது. என்னைப் பற்றி நானே மெச்சிக்கொண்ட தருணங்களில் அதுவும் ஒன்று. அது ரொம்ப நேரம் நீடிக்கவில்லை.

அதிகாரி ஏதோ எழுதக் குனிந்தார். "ம்ம்மே" என்றது பின் பெஞ்ச்.

"யாரது?"

தாடையில் தையல் தழும்போடு அந்தப் பையன் எழுந்தான். "அவதான் சார். அவங்க வூட்ல எருமை கீது சார்" என்று அவளைக் காட்டினான். வகுப்பு சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அவளைப் பார்த்து, "எருமை மேய்க்கறதுக்கு எட்டாவது எதுக்கும்மா?" என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். டிபன் பாக்ஸைத் தொடவில்லை. நேரே பானையை நோக்கி நடந்தாள்.

"நான் பேசிட்டிருக்கேன், எங்க போறே?"

அவள் என் கையிலிருந்த டம்ளரை வாங்கி ஊற்றிக்கொண்டு, அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு என் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேக்கறேன்ல? வாயைத் திறந்து பதில் சொல்லு!"

எப்படித் திறப்பாள்? அதிகாரியின் முகம் சிவந்தது. "என்ன திமிர் பாருங்க! ஹெச்.எம்., இந்த மாதிரிப் பிள்ளைங்களை எதுக்கு வச்சிருக்கீங்க? டி.சி.யைக் கொடுத்து அனுப்புங்க."

"சரிங்க சார்" என்றார் பெரிய டீச்சர், பழக்கதோஷத்தில்.

நானும் அவளும் பக்கத்தில் பக்கத்தில், கன்னம் உப்ப, இரண்டு தவளைகள் மாதிரி நின்றிருந்தோம். அவள் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். அவளுக்காகப் பேச அந்த அறையில் இருந்தது நான் ஒருத்தி. என் வாயிலோ தண்ணீர். மாசக்கணக்கில் அவளுக்கு நான் சொல்லிக்கொடுத்தது இதுதான்: அநியாயத்தைப் பார்த்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டு நிற்பது. எனக்கு அப்போது வந்த கோபம் அதிகாரிமேல் பாதி, என்மேல் பாதி.

மடக்கென்று முழுங்கினேன்.

அதற்கப்புறம் நான் பேசியது தாம்பரம் ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் கேட்டதாகப் பிற்பாடு சொன்னார்கள். "நான் சொல்லிக்கொடுத்ததைத்தான் சார் அவ செய்யறா! காலைல பால் ஊத்திட்டு வந்து படிக்கிற பொண்ணு சார் இவ. எருமை இருந்தா என்ன, நீங்க காபி குடிக்கிறதில்லையா? பெரியவங்க நீங்களே பசங்களோட சேர்ந்து சிரிச்சா அவ எங்க போவா? இந்த ரூம்லயே இப்ப கோவத்தை அடக்கிட்டு நிக்கிறது அவ ஒருத்திதான் சார்! உங்களால முடியலை, என்னாலயும் முடியலை!" என் கையில் டம்ளர் இருந்தது. நல்லவேளை, டஸ்டர் இல்லை.

அதிகாரி எழுந்து நின்றுவிட்டார். அப்போது பெரிய டீச்சர், நலம் விசாரிக்கிற அதே குரலில் சொன்னார்: "சார், அந்தப் பொண்ணு ஒண்ணும் பண்ணலை. கத்தினது எங்க டீச்சர்தான். எழுதறதானா இவங்க மேலே எழுதுங்க."

எழுதினார். அங்கேயே, நின்றபடியே, காகிதம் கிழிய எழுதினார். என்னைத் திட்டுவதில் அவளை மறந்தே போனார். என் கோபத்தால் ஒரு ஜீவனுக்கு நல்லது நடந்தது என்றால் என் ஆயுசில் அது அன்றைக்குத்தான்.

அதிகாரியும் பெரிய டீச்சரும் போன பிறகும் அவள் கன்னம் உப்பியபடி நின்றிருந்தாள். "போதும்டி, முழுங்கு" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினாள். விறுவிறுவென்று ஜன்னலுக்குப் போய், உடைந்த கண்ணாடி இருந்த இடத்தின் வழியாக அத்தனையையும் வெளியே துப்பினாள்.

"இன்னும் போவல டீச்சர். முழுங்கினா தோத்துடுவேன்ல, அதான் துப்பிட்டேன்" என்றாள். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு, "நீங்க முழுங்கிட்டீங்க. நீங்க அவுட்டு" என்றாள்.

"ஆமாண்டி" என்றேன். லாரித் தண்ணீரைப் பற்றி அன்றைக்கு நான் பேசவில்லை.

எனக்கு மெமோ வந்தது. நீதிபோதனை வகுப்பு டிரில் மாஸ்டரிடம் போனது. அவர் கோபம் வந்தவர்களை மைதானத்தைச் சுற்றி ஓடவிட்டார். ஒருவருக்கும் கோபமே வரவில்லை. அவள் பரீட்சை எழுதினாள், பாஸ் செய்தாள். எங்கள் பள்ளி எட்டோடு முடிகிறது. எல்லாருக்கும் டி.சி. கொடுத்துத்தானே ஹைஸ்கூலுக்கு அனுப்ப வேண்டும்? எந்தக் காகிதத்துக்கு ஒரு வருஷமாகப் பயந்தோமோ, அதே காகிதத்தை ஜூன் மாதம் பெரிய டீச்சர் சிரித்துக்கொண்டே அவள் கையில் கொடுத்தார்.

கேட் வரைக்கும் கூடப் போனேன். அங்கே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர், அவள் அப்பா, நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் மடித்துக் கட்டியிருந்த லுங்கியை இறக்கிவிட்டுக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

"ஹைஸ்கூல்ல பானை வச்சிருக்க மாட்டாங்கடி" என்றேன்.

"தெரியும் டீச்சர்." அவள் கழுத்தில் குறுக்காக மாட்டியிருந்த பிளாஸ்டிக் தண்ணி பாட்டிலை முன்னால் இழுத்துக் காட்டினாள். புதுசு. மூடியில் ஒட்டியிருந்த விலைச்சீட்டைக்கூட இன்னும் கிழிக்கவில்லை. "எங்க நைனா வாங்கியாந்துச்சு. இஸ்கூலுக்கு எடுத்துகினு போன்னு அதுவே குடுத்துச்சு."

எவ்வளவோ சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என் வாயில் அப்போது தண்ணீர் எதுவும் இல்லை. இருந்தும், கண்ணெதிரே தொங்குகிற பாட்டிலைப் பார்த்துக்கொண்டே, "என்ன கலர்டி?" என்றுதான் கேட்க வந்தது.

"பச்சை டீச்சர்" என்றாள் அவள், பொறுமையாக.